மரத்திற்குக் கிடைத்த அறம்

அறிஞர் ஒருவர் வாழ்ந்த இல்லமும் அவர் ஆய்வு நிகழ்த்திய கூடமும் அவர் காலத்திற்குப் பின் அரும்பொருளகமாக மாறுவது உலகெங்கும் காணப்படும் வழக்கம். அவர் அமர்ந்த நாற்காலியும் எழுதிய மேசையும் கையாண்ட கருவிகளும் கண்ணாடிப் பேழைக்குள் காக்கப்படுகின்றன. வருவோர் காண்கின்றனர், வியக்கின்றனர், படம் எடுத்துக்கொண்டு திரும்புகின்றனர். வியப்பு நல்லதே. ஆயினும் வியப்போடு முடிந்துவிடும் பயணம் பாதிப் பயணமேயாகும். 'இவர் எதைக் கண்டுபிடித்தார்?' என்பது அங்கே எழும் முதல் வினா. 'கண்டதைச் செய்து முடித்தவர் யார்? அதன் பயன் யாரைச் சேர்ந்தது? அதன் விலையைக் கொடுத்தவர் யார்?' என்பன அடுத்து எழ வேண்டிய வினாக்கள். முதல் வினா அறிவைச் சார்ந்தது. ஏனையவை அறத்தைச் சார்ந்தவை. பின்னவற்றைக் கேட்கக் கற்றுக்கொடுக்காத கல்வி, மாணவனின் கண்ணைத் திறந்து நெஞ்சை மூடிவிடும் கல்வி ஆகிவிடும்.

பூமலையின் கட்டடங்கள்

சிங்கப்பூரில் இவ்வினாக்களை எழுப்புவதற்கு ஏற்ற இடம் ஒன்று உண்டு. இவ்வூர்த் தமிழர் 'பூமலை' என்று வழங்கிவரும் தாவரவியல் தோட்டமே அது. இன்றைய இடத்தில் 1859ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அத்தோட்டம், 2015ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக மரபுடைமைத் தலங்களுள் ஒன்றாக ஏற்கப்பெற்றது. அதனுள்ளே 1921ஆம் ஆண்டு எழுந்த ஈரடுக்கு மாளிகை ஒன்று இருக்கின்றது. 1925 முதல் 1949 வரை தோட்டத்தின் இயக்குநராக விளங்கிய எரிக் ஹோல்ட்டம் என்பார்க்கு அலுவலகமாகவும் ஆய்வுக்கூடமாகவும் அது பயன்பட்டது. இன்று ஹோல்ட்டம் மண்டபம் என்ற பெயருடன், தோட்டத்தின் வரலாற்றைக் கூறும் மரபுடைமை அரும்பொருளகமாக அது விளங்குகின்றது. 2013ஆம் ஆண்டு அவ்வரும்பொருளகம் திறக்கப்பெற்றது.

ஆர்க்கிட் மலரின் விதை தூளினும் நுண்ணியது. தான் முளைப்பதற்கு வேண்டிய உணவு அதனிடம் இல்லை. இயற்கையில் ஒருவகைப் பூஞ்சையின் துணைகொண்டே அது முளைக்கும். அமெரிக்க அறிஞர் லூயிஸ் நட்சன், கண்ணாடிக் குடுவைக்குள் சத்துக்கூழ் இட்டு, பூஞ்சையின் துணையின்றியே அவ்விதையை முளைக்கவைக்கும் முறையை 1922இல் வெளியிட்டார். அம்முறையைச் சிங்கப்பூரில் கையாண்டு, புதிய கலப்பின ஆர்க்கிட்டுகளைத் தொடர்ந்து உருவாக்கும் பணியை ஹோல்ட்டம் தொடங்கிவைத்தார். இன்று இந்நாட்டின் பெருமைகளுள் ஒன்றாக எண்ணப்படும் ஆர்க்கிட் வளர்ப்பு, அக்குடுவைகளிலிருந்து பிறந்தது எனலாம்.

தேசிய ஆர்க்கிட் தோட்டத்தினுள் பர்க்கில் மண்டபம் என்ற மற்றொரு கட்டடம் இருக்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த அவ்வீடு, 1969 வரை தோட்டத்துத் தலைவர்களின் உறைவிடமாக இருந்தது. அத்தலைவர்களுள் ஒருவரே ஹென்றி நிக்கலஸ் ரிட்லி. 1888ஆம் ஆண்டு தோட்டத்தின் முதல் அறிவியல் இயக்குநராகப் பொறுப்பேற்ற அவர், இருபதாண்டுகளுக்கும் மேலாக இங்கே பணியாற்றினார். அவர் கண்ட ஒரு முறை மலாயா நாட்டின் காட்டை மாற்றியது. கடலுக்கு அப்பால் தமிழகத்துச் சிற்றூர்களின் வாழ்வையும் மாற்றியது.

மரம் பிழைக்க ஒரு வழி

ரப்பர் மரம் அமேசான் காட்டுக்கு உரியது. ஹென்றி விக்கம் என்பார் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை 1876இல் இலண்டனுக்கு அருகிலுள்ள கியூ தோட்டத்திற்குக் கொண்டு சேர்த்தார். அவற்றுள் முளைத்தவை மிகச் சிலவே. அங்கிருந்து 1877ஆம் ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. மரங்கள் வளர்ந்தன. ஆனால், அவற்றிலிருந்து நெடுங்காலம் பால் எடுப்பது எவ்வாறு என்பதை அறிந்தாரில்லை. அமேசான் காட்டில் சிறு கோடரியால் மரத்தை வெட்டிப் பால் எடுத்தனர். கோடரி மரத்தின் உள்ளுடலையும் காயப்படுத்தியதால் மரங்கள் நலிந்தன. அம்முறையை நம்பித் தோட்டம் போட எந்த முதலாளியும் துணியவில்லை.

ரிட்லி பொறுமையோடு ஆய்ந்தார். பால் ஓடும் நுண்குழாய்கள் மரத்தின் பட்டையில்தான் உள்ளன; பட்டைக்கும் மரத்திற்கும் இடையே உள்ள உயிர்ப்படலம் காயம் படாதிருந்தால் பட்டை மீண்டும் வளரும். எனவே மரத்தை வெட்டக்கூடாது. பட்டையை மெல்லச் சீவவேண்டும். சாய்வாக ஒரு கோடு இட்டு, அக்கோட்டின் கீழ் விளிம்பை ஒவ்வொரு முறையும் மெல்லிய சீவலாக எடுத்துவந்தால், பால் குறைவதற்கு மாறாகப் பெருகுவதையும் அவர் கண்டார். வெயில் ஏறுமுன் விடியற்காலையில் சீவினால் பால் மிகுதியாக வடியும் என்பதும் அவர் ஆய்வில் உறுதிப்பட்டது. மீன்முள் வடிவில் அமைந்த அந்த வெட்டுமுறை 1890களில் உருப்பெற்றது.

அக்காலத்தில் அவரை நம்பியவர் மிகச் சிலர். காண்போரிடமெல்லாம் ரப்பர் விதையைக் கொடுத்து நடச் சொன்ன அவருக்குப் 'பித்தர் ரிட்லி' என்று பெயர் வைத்தனர். 1896இல் மலாக்காவில் டான் சே யான் என்ற சீனப் பெருமகனார் அவ்விதைகளைப் பெற்று முதல் ரப்பர்த் தோட்டம் அமைத்தார். காப்பியின் விலை வீழ்ந்தது. மோட்டார் வண்டியின் காலம் பிறந்தது. ஏளனம் செய்தவர்களே விதை கேட்டு வந்தனர். 1920ஆம் ஆண்டளவில் உலகின் ரப்பரில் ஏறத்தாழப் பாதியை மலாயா விளைவித்தது. நூறாண்டு நிறைந்த வாழ்வு பெற்ற ரிட்லி, 1956ஆம் ஆண்டு மறைந்தார்.

இம்முறையில் ஓர் அறம் பொதிந்துள்ளது. புறநானூற்றுப் புலவர் பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்கு உரைத்த அறிவுரையைத் தமிழாசிரியர் அறிவர். சிறு நிலத்து நெல்லாயினும் அறுத்துக் கவளமாக்கி ஊட்டினால் யானைக்குப் பல நாள் உணவாகும். யானையே வயலுக்குள் புகுந்துவிட்டால், அது உண்பதைவிட அதன் காலடியில் அழிவதே மிகுதியாகும். அரசன் வரி கொள்ளும் நெறியைப் புலவர் அவ்வாறு விளக்கினார். கோடரி, வயலில் புகுந்த யானை. ரிட்லியின் வெட்டு, அளந்து ஊட்டிய கவளம். கொள்வதில் அளவு, கொண்டபின் ஓய்வு, ஆறுவதற்குக் காலம் என்னும் மூன்றும் அம்மரத்திற்குக் கிடைத்தன. பிற்காலத்தில் ஒரு நாள் வெட்டினால் மறு நாள் மரத்தை ஓய்வாக விடும் முறையும் பரவியது. சீவிய பட்டை மீண்டும் வளர்வதற்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். மரத்தின் உயிரைக் காப்பதே முதலாளிக்கும் ஆதாயம் என்பதை அறிவியல் மெய்ப்பித்துக் காட்டியது.

பெயர் பெற்றோரும் பெயர் பெறாதோரும்

ஒரு கண்டுபிடிப்பு யாருக்கு உரியது? ரப்பரைப் பொறுத்தவரை இவ்வினாவுக்கு ஒரே பெயரில் விடை கூற இயலாது. அம்மரத்தின் பாலைத் திரட்டிப் பயன்கொள்ளும் கலையை முதலில் அறிந்தோர் அமேசான் காட்டுப் பழங்குடியினர். கந்தகம் சேர்த்துச் சூடாக்கி ரப்பரை உறுதியாக்கும் முறையை 1839இல் கண்டவர் சார்லஸ் குட்இயர். காற்றடைத்த சக்கரத்தை 1888இல் வழங்கியவர் ஜான் டன்லப். மரம் சாகாமல் பால் எடுக்கும் வழியைக் கண்டவர் ரிட்லி. ஒருவர் ஏற்றிய விளக்கில் மற்றவர் தம் திரியைக் கொளுத்திக்கொண்டனர். ஆயினும் வரலாறு சில பெயர்களைக் கல்லில் பொறிக்கின்றது. பல பெயர்களை நீரில் எழுதிவிடுகின்றது.

பெயர் மறுக்கப்படுவது எத்தகைய இழப்பு என்பதற்குப் பூமலையோடு தொடர்புடைய சான்று ஒன்று உண்டு. சிங்கப்பூரின் தேசிய மலர் 'வாண்டா மிஸ் ஜோக்கிம்'. 1981ஆம் ஆண்டு அது தேசிய மலராக அறிவிக்கப்பெற்றது. ஆர்மீனியக் குடும்பத்தில் பிறந்த ஆக்னஸ் ஜோக்கிம் என்ற பெண்மணி இருவேறு ஆர்க்கிட் இனங்களைக் கலந்து அதனை உருவாக்கினார் என்று ரிட்லி 1893ஆம் ஆண்டிலேயே எழுதியிருந்தார். எனினும், அம்மலர் இயற்கையில் தானே தோன்றியது என்றும், தோட்டத்தில் அதனைத் தற்செயலாகக் கண்டெடுத்ததே அப்பெண்மணியின் பங்கு என்றும் பின்வந்தோர் பலர் கூறினர். 1899இல் மறைந்துபோன ஒருவரால் மறுமொழி கூற இயலுமா? நீண்ட ஆய்வுக்கும் வழக்குரைக்கும் பின், 2016ஆம் ஆண்டில்தான் அவரே அம்மலரை உருவாக்கியவர் என அரசு நிறுவனங்கள் ஏற்றன. ஆக்குவோர்க்குரிய பெயரை அவர்க்கு வழங்குவது வெறும் மரியாதை அன்று, அது நீதி.

ஆக்னஸ் ஜோக்கிமுக்காகப் பேச ஓர் ஏட்டுச் சான்றாவது இருந்தது. ஏட்டில் ஒரு வரிகூடப் பெறாதவர்களுக்காக யார் பேசுவார்?

கையில் குடியிருந்த கலை

ரிட்லியின் முறை தாளில் இருந்தவரை அது ஓர் உண்மை மட்டுமே. அது வாழ்வு பெற்றது ஆயிரமாயிரம் கைகளில். மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் அக்கைகளுள் பெரும்பாலானவை தமிழருடையவை. சிங்கப்பூரிலும் செம்பவாங், நீ சூன் பகுதிகளில் ரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. அம்மரத்திற்குத் தமிழர் இட்ட பெயர் 'பால்மரம்'. வணிகர் அதனைச் சரக்கின் பெயரால் அழைத்தனர். வெட்டிய தமிழரோ தாய்மையின் பெயரால் அழைத்தனர். அப்பெயரிலேயே ஓர் உறவு தெரிகின்றது.

விடியுமுன் எழுந்து 'பெரட்டு'க் களத்தில் வரிசையில் நின்று பெயர் கொடுக்கவேண்டும். கைக்குழந்தையை ஆயா கொட்டகையில் விட்டுவிட்டுத் தாயும் புறப்படவேண்டும். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, இருளிலும் பனியிலும் மரத்திற்கு மரம் நடக்கவேண்டும். ஒருவர் ஒரு காலைப்பொழுதில் வெட்டிய மரங்கள் சில நூறு. ஒவ்வொரு மரத்திலும் பட்டையின் தடிப்பு வேறு, கணு வேறு, வளைவு வேறு. சீவல் ஆழமானால் உயிர்ப்படலம் காயம்பட்டு மரம் முண்டு முண்டாகப் புடைத்துவிடும். மேலோட்டமானால் பால் வடியாது. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள அளவு மயிரிழை போன்றது. அவ்வளவை எந்தக் கருவியும் காட்டவில்லை. கத்தி பிடித்த விரலே அதனை அறிந்திருந்தது. பின்னர் மீண்டும் அதே வழியில் நடந்து, மங்குகளில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து, தோளில் சுமந்து நிறுவைக்குக் கொண்டு செல்லவேண்டும். மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லாத நாளின் கூலிக்கு உறுதியும் இல்லை.

'மரத்தைக் காயப்படுத்தாதே' என்பது அறிஞர் ஒருவர் கண்ட விதி. அவ்விதியை நாள்தோறும் நூறு நூறு மரங்களில் பிழையின்றி நிறைவேற்றியது, எழுத்தறியாத தாயொருத்தியின் கை. முன்னதை அறிவு என்று கொண்டாடும் உலகம், பின்னதைக் கூலிவேலை என்று ஒதுக்கியது. விதியைக் காண்பதும் அறிவு; விதியைக் கையில் குடியிருத்துவதும் அறிவு. இரண்டும் ஒன்று எனல் மிகை. இரண்டில் ஒன்று அறிவே அன்று எனல் பிழை.

மரத்திற்கு ஒரு நீதி, மனிதனுக்கு ஒரு நீதி

இங்கேதான் நெஞ்சை உறுத்தும் முரண்பாடு தோன்றுகின்றது. மரத்திற்கு அளவு உண்டு, ஓய்வு உண்டு, ஆறும் காலம் உண்டு என்று கண்ட அதே தோட்டங்களில், மரத்தை வெட்டிய மனிதனுக்கு அம்மூன்றும் முறையாகக் கிடைத்தனவா?

ஒப்பந்தக் கூலிமுறை மலாயாவில் 1910ஆம் ஆண்டு ஒழிந்தது. அதன்பின் கங்காணி முறையே ஓங்கியது. கங்காணி தன் ஊருக்குச் சென்று ஆள் திரட்டி வந்தார்; தாம் கொண்டுவந்த ஆட்கள் வேலைக்கு வந்த நாட்களைக் கணக்கிட்டுத் 'தலைக்காசு' பெற்றார். புதிதாகக் காடு திருத்திய தோட்டங்களில் மலேரியாக் காய்ச்சல் எண்ணற்ற உயிர்களைக் கொண்டது. கிள்ளான் வட்டாரத்தில் மால்கம் வாட்சன் போன்ற மருத்துவர் அதனைத் தடுக்க அரும்பாடு பட்டனர் என்பதும் நினைக்கத் தக்கது.

முரண்பாடு முழுமையாக வெளிப்பட்டது 1930களின் தொடக்கத்தில். உலகெங்கும் வணிகம் சரிந்தது. ரப்பரின் விலை தரைமட்டமாயிற்று. தோட்டத்தில் மரங்கள் வெட்டப்படாமல் நின்றன. அவற்றுக்கு அது ஓய்வுக்காலம், பட்டைகள் ஆறின. மரத்தை வெட்டியவர்களுக்கோ கூலி குறைந்தது; வேலை போயிற்று. பெருந்தொகையினர் கப்பலேற்றித் தமிழகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். நட்ட மரம் நாட்டில் நிற்க, நட்ட மனிதன் நாட்டைவிட்டு அனுப்பப்பட்டான். மரம் முதலீடாக எண்ணப்பட்டது. மனிதன் செலவாக எண்ணப்பட்டான். வேலையாட்களை உதவித்தொகையுடன் மலாயாவுக்கு அனுப்புவதை இந்திய அரசு 1938இல் நிறுத்தியதற்கு, கூலி பற்றிய மனக்குறையும் ஒரு காரணமாயிற்று.

குற்றமும் கடனும்

ஆயின், இதற்கெல்லாம் ரிட்லி பொறுப்பாளரா? பூமலையின் மண்டபத்தில் நின்று சிந்திக்கும் மாணவன் இவ்வினாவைத் தவிர்க்க இயலாது.

கண்டுபிடித்தவருக்குப் பொறுப்பே இல்லை என்பர் ஒரு சாரார். கத்தி கனியையும் நறுக்கும், கையையும் நறுக்கும். கொல்லன் என் செய்வான் என்பது அவர்தம் வாதம். அவர் இல்லையேல் தோட்டங்களே இல்லை. ஆகவே எல்லாத் துயருக்கும் வேர் அவரே என்பர் மற்றொரு சாரார். இரண்டுமே அளவு கடந்தவை. ஒருவர் எதனை முன்னறிந்திருக்க இயலும், எதனைச் செய்யும் ஆற்றல் அவரிடம் இருந்தது என்பவற்றைக் கொண்டே அவருடைய பொறுப்பை அளக்கவேண்டும். ரிட்லி தாவரம் அறிந்தவர். கூலிச் சட்டம் இயற்றும் அதிகாரம் அவரிடம் இல்லை. மரம் வாழவேண்டும் என்ற அவருடைய எண்ணத்தில் மாசும் இல்லை. சட்டம் இயற்றிய அரசும், ஆதாயத்தைப் பங்கிட்டுக்கொண்ட கம்பெனிகளும் அவரினும் மிகுதியான பொறுப்புடையவை.

பழியை நிறம் பார்த்து வழங்கவும் இயலாது. தலைக்காசு பெற்ற கங்காணியும் தமிழரே. தன் இனத்தான் கண்ணீரில் தன் பங்கை எண்ணிப் பெற்ற கைகளும் இருந்தன. அதே வேளையில், தமிழகத்துப் பஞ்சத்திலிருந்தும் சாதிக் கொடுமையிலிருந்தும் தப்பி வந்து, உழைத்துச் சேர்த்து, பிள்ளைகளைப் படிக்கவைத்து நிமிர்ந்த குடும்பங்களும் உண்டு. வரலாறு ஒரே நிறத்தில் வரைந்த படம் அன்று.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாக உணர்தல் வேண்டும். குற்றம் வேறு, கடன் வேறு. குற்றம் செய்தவரோடு போகும். கடன் பயன் துய்ப்பவரைத் தொடரும். ரப்பர்த் தோட்டத்தில் நடந்த கொடுமைக்கு இன்றைய சிங்கப்பூரர் எவரும் குற்றவாளி அல்லர். ஆனால், ரப்பர் வணிகத்தால் செழித்த துறைமுகத்தின், அச்செல்வத்தால் எழுந்த நகரத்தின் நிழலில் வாழும் ஒவ்வொருவரும் கடனாளியே. 'கூலி கொடுத்தாயிற்றே, இன்னும் என்ன கடன்?' என்று கேட்கலாம். கூலி ஒப்பந்தத்தைத் தீர்க்கும், நன்றியைத் தீர்க்காது. செய்ந்நன்றி அறிதலுக்கென்று தனி அதிகாரமே வகுத்த வள்ளுவரைப் பாடமாகக் கற்பிப்போர்க்கு இவ்வேறுபாடு புதிதன்று.

இக்கடனைத் தம் அளவில் உணர்ந்து நடந்தவர்களும் இருந்தனர். ரப்பர் வணிகத்தால் பெருஞ்செல்வம் ஈட்டிய லீ கொங் சியான் 1953ஆம் ஆண்டு நூலகம் ஒன்று எழுப்ப 375,000 டாலர் வழங்க முன்வந்தார். நூலகம் பொதுமக்கள் அனைவர்க்கும் கட்டணமின்றித் திறந்திருக்க வேண்டும், இந்நாட்டு மக்களின் மொழிநூல்களும் அங்கே இடம்பெற வேண்டும் என்பன அவர் விதித்த கட்டளைகள். அந்நூலகம் 1960இல் ஸ்டாம்ஃபர்ட் சாலையில் திறக்கப்பெற்றது. இன்று தேசிய நூலகத்தில் தமிழ் நூல் எடுத்துப் படிக்கும் மாணவன், தான் அறியாமலே பால்மரத்தின் பயனைத் துய்க்கின்றான். அந்நூலின் ஏடுகளுக்குப் பின்னே, விடியற்காலை இருளில் நெற்றி விளக்குடன் நடந்த ஒருவரின் காலடி ஓசை கேட்கின்றது.

மறதியின் வீடு

வேற்றார் மறப்பதைவிட வருந்தத்தக்கது, பெற்ற பிள்ளைகளே மறப்பது. தோட்டப் பின்னணியிலிருந்து உயர்ந்த குடும்பங்களுள் சில, தம் பாட்டன் பால்வெட்டியவர் என்று சொல்லக் கூசுகின்றன. அலுவலகத்தில் அமர்ந்த பேரன், தோட்டத்தைப் பற்றிய பேச்சு எழுந்தால் பேச்சை மாற்றுகின்றான். அவன் வெட்கப்படுவது எதற்கு? களவுக்கு வெட்கப்படலாம், பொய்க்கு வெட்கப்படலாம். மரத்தைக் கொல்லாமல் பால் எடுத்த கைத்திறனுக்கு வெட்கப்படுவதற்கு என்ன இருக்கின்றது? அறிஞரின் கருவி கண்ணாடிப் பேழையில் இருக்க, பாட்டியின் பால்வெட்டுக் கத்தி பழைய இரும்போடு இரும்பாகப் போய்விடுகின்றது. இதனை எந்த அரசும் செய்யவில்லை. வெள்ளையர் எவரும் செய்யவில்லை. வீட்டார் தாமே செய்கின்றனர்.

லிட்டில் இந்தியா நிலையத்தில் டௌன்டவுன் பாதை ரயிலில் ஏறினால், நியூட்டனும் ஸ்டீவன்சும் கடந்து மூன்றாவதாக வருவது தாவரவியல் தோட்ட நிலையம். பயணம் சில நிமிடங்களே. இப்புறம் கேம்பல் லேனில் 2015இல் திறக்கப்பெற்ற இந்திய மரபுடைமை நிலையம் இருக்கின்றது. கடல் கடந்து வந்த மக்களின் கதை அங்கே. அப்புறம் பூமலையின் மண்டபம் இருக்கின்றது. கண்டறிந்தோரின் கதை அங்கே. ஒன்றில் அறிவின் பாதி. மற்றொன்றில் உழைப்பின் பாதி. மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர் ஏதேனும் ஒன்றோடு நின்றுவிட்டால், ஒரு நூலின் பாதி ஏடுகளைக் கிழித்துவிட்டுப் படிக்கச் சொன்னது போலாகும். ஒரே நாளில் இரண்டையும் காட்டவேண்டும். காட்டியபின் விளக்கம் கூற விரையாமல், 'இவ்விரண்டு இடங்களுக்கும் என்ன உறவு?' என்று ஒரு வினாவை மட்டும் கேட்டு விடைக்குக் காத்திருக்கவேண்டும். வீட்டுக்குச் சென்று பாட்டியிடம் பேசிவிட்டு வரும் மாணவனின் விடை, எந்தப் பாடநூலிலும் இல்லாத விடையாக இருக்கும்.

இறந்தவர்க்குச் செலுத்தும் கடன்

பெயர் தெரியாதவர்க்கு நன்றி செலுத்துவது எவ்வாறு? அத்தனை பெயர்களையும் பொறிக்கக் கல் இல்லை, பெயர்களும் கிடைக்கமாட்டா. சிலை எழுப்பினால் போதும் என்பதும் சரியன்று. சிலைக்கு மாலையிட்டுவிட்டு மனிதரை மறப்பது எளிது.

ஞாயிற்றுக்கிழமை மாலையில் தேக்கா, சிராங்கூன் சாலைப் பக்கம் செல்பவர் ஒரு காட்சியைக் காண்பர். கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் வாரமெல்லாம் உழைத்த தமிழ் இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக அங்கே நிற்பர். ஊருக்குப் பணம் அனுப்புவர். தாயோடு கைப்பேசியில் பேசுவர். புல்தரையில் அமர்ந்து ஊர்க்கதை பேசுவர். இந்நகரின் வானளாவிய மாளிகைகளை வரைந்த கட்டடக் கலைஞர்களின் பெயர்கள் நூல்களில் உள்ளன. என்றேனும் அவர்களுக்கும் அரும்பொருளகம் அமையக்கூடும். செங்கல்லை அடுக்கிய கையின் பெயர் எங்கே? பால்மரத் தோட்டத்தின் பேரன் அதே சாலையில், அக்கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்து செல்கின்றான். அவன் பாட்டன் ஒரு காலத்தில் நின்ற இடத்தில்தான் அவர்கள் இன்று நிற்கின்றனர் என்பதை அவனுக்கு உணர்த்துவோர் இல்லை.

மறைந்தவர்க்குப் பட்ட கடனை மறைந்தவரிடம் தீர்க்க இயலாது. அவர் நின்ற இடத்தில் இன்று நிற்பவரிடமே அதனைத் தீர்க்கவேண்டும். அதற்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. ஒதுங்காமல் நிற்கும் ஒரு நொடி, 'எந்த ஊர் தம்பி?' என்னும் ஒரு சொல், ஒருவர் உழைப்பில் கொள்வதற்கு ஓர் அளவு உண்டு என்னும் உணர்வு ஆகியவற்றில் அது தொடங்குகின்றது. வளர்ந்து முதலாளியாகவும் அதிகாரியாகவும் ஆகும் மாணவனிடம் அது கூலியாகவும் ஓய்வாகவும் சட்டமாகவும் முதிரவேண்டும்.

கொள்வதில் அளவு, கொண்டபின் ஓய்வு, ஆறுவதற்குக் காலம் என்னும் மூன்றையும் ரிட்லி ஒரு மரத்திடமிருந்து கற்றார். அம்மரத்திற்குக் கிடைத்த அறம் அதனருகே நின்ற மனிதனுக்கும் கிடைக்கும் நாளில்தான், பூமலையின் ஆய்வுக்கூடத்தில் தொடங்கிய ஆய்வு நிறைவுபெறும்.